முகம் பார்த்துத் திறக்கும் அமைப்பு தவறாகத் திறக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கதவோ, கைபேசியோ, வருகைப் பதிவுக் கருவியோ, இணையவழி ஆள் சரிபார்ப்போ எதுவானாலும், முக அடையாள அமைப்பில் சிக்கல் என்றவுடன் எல்லோர் கையும் முதலில் போவது பொருத்த வரம்புக்குத்தான், அதாவது முகம் எவ்வளவு ஒத்திருந்தால் திறக்கலாம் என்ற எல்லைக்கு. ‘த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்றிவிடு, சரியாகிவிடும்’ என்பார்கள். தயவுசெய்து அதை முதலில் தொடாதீர்கள். வரம்பை மாற்றிவிட்டால், நடந்த தவறை அதே நிலையில் மறுபடி நிகழ்த்திப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். உரிய ஆட்கள் வெளியே நிற்க ஆரம்பிப்பார்கள். புகார் குவிந்ததும் வேறொருவர் வரம்பைப் பழைய நிலையைவிடவும் கீழே இறக்கிவிடுவார்.

முதலில் சங்கிலியைப் புரிந்துகொள்ளுங்கள். கேமரா படம் பிடிக்கிறது. மென்பொருள் அதில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அது உயிருள்ள முகமா என்று சோதிக்கிறது. முகத்தை எண்களின் வரிசையாக, அதாவது வெக்டராக, மாற்றுகிறது. பதிவில் இருக்கும் வெக்டரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் வரம்பைத் தாண்டினால் ‘சரி’ என்கிறது. அந்தச் ‘சரி’ பூட்டுக்கோ சர்வருக்கோ போய்ச் சேர்கிறது. செயற்கை நுண்ணறிவு இருப்பது நடுவில் உள்ள சில கண்ணிகளில் மட்டும். ஓட்டையோ பெரும்பாலும் இரு முனைகளில் இருக்கிறது: படம் உள்ளே வரும் இடத்தில், அல்லது முடிவு வெளியே போகும் இடத்தில். எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் எதைச் சரிசெய்தாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

ஆகவே, தவறு நடந்த நேரத்தின் லாகை, அதாவது கருவி தானே எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பை, முதலில் பத்திரப்படுத்துங்கள். பொருத்த மதிப்பெண், அப்போதைய வரம்பு, உயிர்ப்புச் சோதனையின் முடிவு, எந்தக் கேமரா, எந்த மென்பொருள் பதிப்பு, இரண்டாவதாகப் பொருந்தியவர் யார், அவர் மதிப்பெண் என்ன என்பதெல்லாம் வேண்டும். உங்கள் கருவி ‘அனுமதி, மறுப்பு’ என்று மட்டுமே எழுதுகிறது என்றால், அதையே முதல் பிழையாகக் குறித்துக்கொண்டு, விரிவான லாகை இயக்கிவிட்டுத் தொடருங்கள்.

அறிகுறி: அச்சிட்ட படத்துக்கோ கைபேசித் திரைக்கோ திறக்கிறது

இது மிகப் பழைய நோய். 2011இல் ஆண்ட்ராய்டு 4.0 முகம் பார்த்துத் திறக்கும் வசதியோடு வந்தபோது, உரிமையாளரின் படத்தைக் காட்டியே அதைத் திறந்து காட்டினார்கள். அடுத்த பதிப்பில் கண் சிமிட்டச் சொல்லும் சோதனை வந்தது. 2019இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்10கூட, திரையில் ஓடிய வீடியோவுக்குத் திறந்துகொண்டது. காரணம் ஒன்றுதான். சாதாரணக் கேமராவுக்கு ஆழம் தெரியாது. அதற்கு முகமும் படமும் ஒரே தட்டைப் பரப்பு. ஆப்பிளின் ஃபேஸ் ஐடி 30,000க்கும் மேற்பட்ட கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின்மேல் வீசி அதன் மேடு பள்ளத்தை அளப்பது இதற்காகத்தான். அதையும் 2017இல், அந்தக் கைபேசி வெளிவந்த சில நாட்களிலேயே, முப்பரிமாண அச்சு முகமூடியால் ஏமாற்றியதாக வியட்நாமின் பிகாவ் நிறுவனம் வீடியோ வெளியிட்டது. ஆழம் பார்க்கும் கேமரா தடையை உயர்த்துகிறது. அதற்காக அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதிக்கும் முறை: ஒப்புதல் தந்த ஒருவரின் படத்தை மங்கலான தாளில் ஒன்று, பளபளப்பான தாளில் ஒன்று எனப் பெரிய அளவில் அச்சிடுங்கள். அதே ஆளின் வீடியோவை ஒரு டேப்லெட்டில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சம், விளக்கொளி, அரையிருட்டு மூன்றிலும் காட்டுங்கள். அரையிருட்டை விட்டுவிடாதீர்கள். திரையின் பளபளப்பும் விளிம்பும் அங்கேதான் கேமராவிலிருந்து நழுவுகின்றன.

திறந்துவிட்டால், ‘இந்தக் கருவிக்கு உயிர்ப்புச் சோதனையே கிடையாது’ என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். அந்தச் சோதனை யாரோ ஒருவரால் நிறுத்தப்பட்டிருக்கலாம். ‘வாசலில் வரிசை நீளுகிறது’ என்ற புகார் வந்த நாளில் அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். பல கேமராக்கள் இருந்தால் ஒன்றில் மட்டும் அணைந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். மூன்றாவதுதான் அதிகம் கவனத்துக்கு வராதது: சோதனை ஓடுகிறது, ‘போலி’ என்று சரியாகவே சொல்கிறது, ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. பல மென்பொருள் நூலகங்கள் பொருத்த மதிப்பெண்ணை ஒரு புலத்திலும் உயிர்ப்பு முடிவை வேறொரு புலத்திலும் திருப்பித் தருகின்றன. செயலியை எழுதியவர் முதல் புலத்தை மட்டும் பார்த்துக் கதவைத் திறந்துவிடுகிறார். உங்கள் லாகில் ‘போலி’ என்ற முடிவும் ‘அனுமதி’ என்ற முடிவும் ஒரே வரியில் இருந்தால் கதை இதுதான். செயற்கை நுண்ணறிவு மாதிரியை மாற்ற வேண்டியதில்லை, நிரலில் ஒரு நிபந்தனை போதும்.

மூன்றும் சரியாக இருந்தும் படத்துக்குத் திறக்கிறது என்றால் தயாரிப்பாளரிடம் போங்கள். ‘ஆன்டி ஸ்பூஃபிங் (போலித் தடுப்பு) உண்டு’ என்ற விளம்பர வாசகத்தை ஏற்காதீர்கள். போலி முகத்தைக் கண்டறியும் திறனைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 30107-3 என்ற சர்வதேசத் தரப்படி நடந்த சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: போலிகளில் எத்தனை சதவீதம் உள்ளே போனது, உண்மையான ஆட்களில் எத்தனை சதவீதம் போலி என்று தள்ளப்பட்டது. முதல் எண்ணை மட்டும் காட்டி இரண்டாவதை மறைக்கும் கருவியை வாங்காதீர்கள். அதன் உயிர்ப்புச் சோதனை என்றாவது ஒருநாள் உங்கள் ஆட்களாலேயே அணைக்கப்படும். எந்த வகைப் போலிகளை வைத்துச் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். தாளும் திரையும் மட்டும் வைத்துத் தேறியது, முகமூடிக்கு எதிராகவும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அறிகுறி: படத்தை நேரில் காட்டினால் மறுக்கிறது, ஆனால் இணையவழிச் சரிபார்ப்பில் போலிகள் தேறிவிடுகின்றன

இங்கே கேமராவின் முன்னால் யாரும் நிற்கவே இல்லை. கேமராவைத் தாண்டி, பின்பக்கமாக வீடியோ உள்ளே ஊட்டப்படுகிறது. மெய்நிகர் கேமரா மென்பொருள், மாற்றியமைக்கப்பட்ட கைபேசி, கணினியில் கைபேசி போல நடிக்கும் எமுலேட்டர் என்று வழிகள் பல. உயிர்ப்புச் சோதனை தாளின் விளிம்பையும் திரையின் மினுக்கத்தையும் தேடுகிறது. ஊட்டப்பட்ட வீடியோவில் தாளும் இல்லை, திரையும் இல்லை. எனவே அது நிம்மதியாகத் தேறிவிடுகிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பலர் இந்த அறிகுறியைக் கண்டதும் உயிர்ப்புச் சோதனையை இன்னும் கடுமையாக்குகிறார்கள். நேர்மையான ஆட்கள்தான் அதனால் தலையை நூறு கோணத்தில் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

நடந்தவற்றைப் பாருங்கள். சீனாவின் ஷாங்காயில் 2021இல் வெளிவந்த வழக்கில், விலைக்கு வாங்கிய முகப் படங்களை அசையும் வீடியோவாக மாற்றி, கேமராவின் கட்டுப்பாடு கைப்பற்றப்பட்ட கைபேசிகள் வழியாக வரித்துறையின் முகச் சரிபார்ப்பைத் தாண்டினார்கள். 50 கோடி யுவான் மதிப்புக்குப் போலி விற்பனைப் பில்கள் எழுதப்பட்டன. அதே ஆண்டு, கணினியை முகம் பார்த்துத் திறக்கும் விண்டோஸ் ஹலோ வசதியில் சிவிஇ-2021-34466 என்ற ஓட்டை வெளியானது. யுஎஸ்பி கேமரா போல நடிக்கும் ஒரு கருவியைச் செருகி, உரியவரின் அகச்சிவப்புப் படம் ஒன்றை அனுப்பினாலே கணினி திறந்தது. முகத்தை ஒப்பிட்ட கணிதத்தில் பிழை இல்லை. எந்தக் கேமரா சொன்னாலும் நம்பியதுதான் பிழை. மைக்ரோசாஃப்ட் ஜூலை 2021இல் அதை அடைத்தது. 2024இல் தாய்லாந்து, வியட்நாம் பயனர்களைக் குறிவைத்த கோல்டுபிகாக்ஸ் என்ற தீநிரல், கைபேசியின் உரிமையாளரையே முக வீடியோ எடுக்க வைத்துத் திருடியது. அப்படிப்பட்ட வீடியோவிலிருந்து வங்கிச் சரிபார்ப்பைத் தாண்டும் டீப்ஃபேக்கை, அதாவது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் போலி வீடியோவை, செய்ய முடியும்.

உங்கள் லாகில் தேட வேண்டியவை: ஒரே சாதனத்திலிருந்து பல பேரின் முகங்கள், அந்தக் கைபேசி மாடலுக்குப் பொருந்தாத வீடியோ அளவு, ஃபிரேம்களுக்கு இடையே இயற்கைக்கு மாறான சீரான இடைவெளி, வெவ்வேறு ஆட்கள், ஆனால் ஒரே பின்னணி, ஒரே வெளிச்சம். கடைசியாகச் சொன்னதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சந்தேகத்துக்குரிய படங்களை ஒரே பக்கத்தில் வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

தீர்வு படத்தின் பிறப்பிடத்தை உறுதிசெய்வதில் இருக்கிறது. செயலி மாற்றப்படாத சாதனத்தில்தான் ஓடுகிறதா என்பதை இயங்குதளத்தின் சான்றளிப்பு வசதி வழியாகச் சர்வரில் சரிபாருங்கள், செயலிக்குள்ளேயே அல்ல. படம் பிடித்த கணத்திலேயே கையொப்பமிட்டு அனுப்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மாறும் சவாலை, உதாரணமாகத் திரையின் நிறத்தை வரிசை மாற்றி ஒளிரவிட்டு முகத்தில் அதன் பிரதிபலிப்பைப் பார்ப்பதை, சர்வரே தீர்மானிக்கட்டும். மெய்நிகர் கேமராக்களின் பெயர்ப் பட்டியலை வைத்துத் தடுப்பது மட்டும் போதவே போதாது. பெயரை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஊட்டுத் தாக்குதலுக்கென்றே ஐரோப்பாவில் சிஇஎன்/டிஎஸ் 18099 என்ற ஆவணம் 2024இல் வந்திருக்கிறது. இணையவழிச் சரிபார்ப்புச் சேவை வாங்கும்போது 30107-3 அறிக்கையோடு இதையும் கேளுங்கள்.

அறிகுறி: உண்மையான ஆள்தான் நிற்கிறார், ஆனால் இன்னொருவர் பெயரில் திறக்கிறது

முதல் கேள்வி: உங்கள் அமைப்பு ஒருவரை ஒருவரோடு ஒப்பிடுகிறதா, ஒருவரைப் பதிவில் உள்ள எல்லோரோடும் ஒப்பிடுகிறதா? தயாரிப்பாளர் சொல்லும் பிழை வீதம் பெரும்பாலும் முதல் வகைக்கானது. ஓர் ஒப்பீட்டில் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு 10,000இல் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதிவில் 1,000 பேர் இருந்தால், வெளியாள் ஒருவர் வந்து நிற்கும்போது அவர்களில் யாராவது ஒருவரோடு தவறாகப் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். 10,000 பேர் இருந்தால் 63 சதவீதம். சோதனை ஓட்டத்தில் சில பேரோடு அற்புதமாக வேலை செய்த கருவி முழுப் பதிவும் ஏறியபின் ஆள் மாறாட்டம் செய்வதன் ரகசியம் இதுதான். கருவி கெடவில்லை. ஒப்பீடுகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

இரண்டாவது, யாரெல்லாம் மாறுகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், டிசம்பர் 2019இல் 189 மென்பொருள்களைச் சோதித்த அறிக்கையை வெளியிட்டது. தவறான பொருத்தம் சில மக்கள் பிரிவினரிடையே மற்றவர்களைவிட 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக இருந்தது பல மென்பொருள்களில் தெரிந்தது. ஆகவே ஒட்டுமொத்தச் சராசரி உங்களுக்கு உதவாது. பெண்கள், முதியவர்கள், கருத்த நிறத்தவர் என்று பிரித்துப் பிழைகளை எண்ணுங்கள். ஒரு பிரிவினர்மேல் மட்டும் பிழை குவிந்தால் அது அநீதி மட்டுமல்ல, பாதுகாப்பு ஓட்டையும்கூட. அந்தப் பிரிவைச் சேர்ந்த எவருக்கும் உங்கள் கதவு கூடுதல் எளிதாகத் திறக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, பதிவுப் படங்களின் தரம். மங்கலான படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். முகத்தின் நுணுக்கம் இல்லாதபோது வெக்டர் அந்த மங்கலையே விவரிக்கத் தொடங்கிவிடுகிறது. தவறாகப் பொருந்திய ஜோடிகளின் பதிவுப் படங்களைத் திறந்து பாருங்கள். அடையாள அட்டையிலிருந்து வெட்டி ஒட்டிய சின்னஞ்சிறு படங்களாக இருந்தால், வரம்பைத் தொடாமல் அவர்களை மட்டும் நேரில் அழைத்து மறுபதிவு செய்யுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

இதற்கப்புறமும் மாறினால், அட்டையையோ எண்ணையோ சேர்த்து எல்லோரோடும் ஒப்பிடுவதை ஒருவரோடு ஒப்பிடுவதாக மாற்றுங்கள். முதலாவதாகப் பொருந்தியவருக்கும் இரண்டாவதாகப் பொருந்தியவருக்கும் மதிப்பெண் இடைவெளி போதிய அளவு இல்லையென்றால் மறுக்கச் சொல்லுங்கள். வரம்பை மாற்றும் கட்டம் இப்போதுதான் வருகிறது, அதுவும் உங்கள் சொந்த லாகில் உள்ள மதிப்பெண்களை வைத்து. இரட்டையர்களுக்கு மட்டும் மென்பொருளில் தீர்வு தேடாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்குத் திறக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்று சொல்லும் ஆப்பிளே, இரட்டையர், உருவ ஒற்றுமையுள்ள உடன்பிறப்புகள், 13 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு இரண்டாவது சாவி கொடுங்கள்.

இன்னொன்று. கேமரா காட்டும் பெயர் ஒரு துப்பு மட்டுமே. 2020இல் அமெரிக்காவின் டெட்ராய்டில் முகப் பொருத்தம் ஒன்றை நம்பி, குற்றத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவரை அவர் பிள்ளைகள் கண்முன்னே கைதுசெய்தார்கள். உங்கள் கருவியின் முடிவை வைத்து யார்மேலாவது நடவடிக்கை எடுக்கப்போகிறார்கள் என்றால், மேலே சொன்ன சோதனைகள் முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள்.

அறிகுறி: ஒரே பதிவுக்கு இரண்டு பேர் உள்ளே போகிறார்கள்

இருவருக்கும் நல்ல மதிப்பெண், இருவரும் தொடர்ந்து தேறுகிறார்கள் என்றால் பதிவையே சந்தேகியுங்கள். இரண்டு முகங்களைக் கணினியில் கலந்து ஒரே படமாக்கிப் பதிவுசெய்தால் அது இருவருக்கும் பொருந்தும். கடவுச்சீட்டில் இது சாத்தியம் என்று 2014இலேயே இத்தாலியின் போலோக்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் படத்தை ஏற்காமல், பொறுப்பாளர் முன்னிலையில் உங்கள் கேமராவிலேயே எடுப்பதுதான் மருந்து.

படம் சுத்தமாக இருந்தால், தானியங்கிப் புதுப்பித்தலைப் பாருங்கள். தாடி வளர்வது, வயது ஏறுவது போன்ற மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கச் சில அமைப்புகள் பதிவைத் தாமே திருத்திக்கொள்கின்றன. ஓரளவு ஒத்த முகம் தோற்று, உடனே சரியான கடவுச்சொல் அழுத்தப்பட்டால், அந்த முகத்தையும் உரியவர் முகம் என்று கற்றுக்கொள்ளும் கருவிகள் உண்டு. கடவுச்சொல் தெரிந்த உறவினர் ஒருவர் இப்படியே மெல்ல மெல்லப் பதிவுக்குள் நுழைந்துவிடலாம். பதிவை அழித்துப் புதிதாகச் செய்யுங்கள், பொதுக் கதவுகளில் இந்த வசதியை அணையுங்கள்.

அறிகுறி: தூங்குபவரின் முகத்துக்குத் திறக்கிறது

கண் திறந்திருக்க வேண்டும் என்ற அமைப்பு அணைந்திருக்கிறது, அல்லது கருவியில் அது இல்லை. கூகுள் பிக்சல் 4 2019இல் வந்தபோது இல்லாமல்தான் வந்தது; ஏப்ரல் 2020இல் புதுப்பிப்பாகச் சேர்த்தார்கள். இருந்தால் இயக்குங்கள், இல்லையென்றால் அந்தக் கருவியில் முகத்தை வைத்துப் பணப் பரிமாற்றத்தை அனுமதிக்காதீர்கள்.

அறிகுறி: பதிவான ஆளையே திடீரென்று மறுக்கிறது

வெயில் நேராக விழும் வாசலில் அகச்சிவப்புக் கேமரா திணறும். கேமராவின் கண்ணாடியில் தூசி படியும். முகக்கவசம் வேறு. நிஸ்ட் 2020இல் சோதித்தபோது, கொரோனாவுக்கு முன் எழுதப்பட்ட மென்பொருள்கள் கவசம் அணிந்த முகத்தில் 5 முதல் 50 சதவீதம்வரை தவறின. இவற்றைத் துடைத்து, நிழல் போட்டு, மென்பொருளைப் புதுப்பித்துச் சரிசெய்யலாம்.

பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் என் கவலை வேறு. மறுக்கப்பட்டபின் என்ன நடக்கிறது? நாலு இலக்க எண் கேட்கிறதென்றால், தாக்குபவருக்கு முகத்தை ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. வேண்டுமென்றே தோற்றுவிட்டு அந்த எண்ணை அழுத்துவார். மாற்று வழியில் எத்தனை பேர், எந்த நேரத்தில் நுழைகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அச்சிட்ட வடிவங்கள் கொண்ட கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு முக அடையாளத்தைக் குழப்ப முடியும், இன்னொருவராகவே காட்டவும் முடியும் என்று 2016இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வில் காட்டினார்கள். ஆனால் வாசலில் நிகழும் மறுப்புகளுக்கு அதைக் காரணமாகத் தேடுவதற்கு முன் மாற்று வழியைப் பூட்டுங்கள்.

அறிகுறி: கதவு திறந்திருக்கிறது, லாகில் முகமே இல்லை

முகத்தை விட்டுவிடுங்கள், பெட்டியைப் பாருங்கள். பூட்டை இயக்கும் ரிலே (மின் சுவிட்ச்) சுவருக்கு வெளியே இருக்கும் கருவிக்குள்ளேயே இருந்தால், நான்கு திருகுகளைக் கழற்றி இரண்டு கம்பிகளைத் தொட்டாலே கதவு திறக்கும். பூட்டுக்கு ஆணையிடும் கட்டுப்படுத்தியை உள்பக்கம் மாற்றுங்கள். கருவிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே வீகண்ட் என்ற பழைய வகைக் கம்பி இணைப்பு என்றால் அதில் மறையாக்கம் கிடையாது. தகவலை மறையாக்கி அனுப்பும் ஓஎஸ்டிபி பாதுகாப்பு இணைப்புக்கு மாறுங்கள்.

அடுத்து நெட்வொர்க். தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லோடு நிர்வாகப் பக்கம் திறந்து கிடக்கிறதா? 2024இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இசட்கேடெகோ என்ற தயாரிப்பாளரின் முகமறி கருவி ஒன்றில் 24 ஓட்டைகளை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று விசேஷமானது: கேமராவுக்கு முன் காட்டும் கியூஆர் குறியீட்டுக்குள் தரவுத்தளக் கட்டளையைப் புதைத்துவைத்தால், கருவி காட்டுபவரை உரிய ஆளாகவே ஏற்றுக்கொள்ளும். கியூஆர் வழி உங்களுக்குத் தேவையில்லை என்றால் இன்றே அணையுங்கள். ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள், கருவிகளைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

அறிகுறி: முகத் தரவு வெளியே போய்விட்டதாகச் சந்தேகம்

எல்லாவற்றிலும் கனமானது இது. கடவுச்சொல் போனால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. ‘நாங்கள் படத்தை வைப்பதில்லை, வெறும் எண்கள்தான்’ என்ற ஆறுதலை ஏற்காதீர்கள். அந்த எண்களிலிருந்து உரியவரை ஒத்த முகத்தைத் திரும்ப உருவாக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2019இல் பயோஸ்டார் 2 என்ற கதவுப் பாதுகாப்பு அமைப்பின் தரவுத்தளம் இணையத்தில் திறந்து கிடந்தபோது, அதில் 2.78 கோடி பதிவுகள், கைரேகைகள், முகத் தரவு எல்லாம் இருந்தன.

செய்ய வேண்டியதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்:

1. தரவுத்தளத்தை இணையத்திலிருந்து துண்டியுங்கள். லாகை அழிக்காதீர்கள்.
2. வெளியே போனது மட்டுமல்ல, புதிதாக உள்ளே சேர்க்கப்பட்ட முகம் ஏதாவது உண்டா என்று சரிபாருங்கள். எழுதும் அனுமதி கிடைத்த திருடர் தன் முகத்தை உரிய ஆளின் பெயரில் ஏற்றிவிட்டுப் போயிருக்கலாம்.
3. முகம் மட்டுமே போதும் என்றிருந்த எல்லா இடங்களிலும் இரண்டாவது சாவியைக் கட்டாயமாக்குங்கள்.
4. வேறு மாதிரிக்கு மாறி எல்லோரையும் மறுபதிவு செய்யுங்கள். ஒரு மாதிரியின் வெக்டர் இன்னொன்றில் பொருந்தாது. திருடிய எண்களை அப்படியே ஊட்ட முடியாமல் போகும். மூலப் படங்கள் போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.
5. புதிய தரவை ஐஎஸ்ஓ/ஐஇசி 24745 சொல்லும் வகையில், ரத்துசெய்து மாற்றக்கூடிய வடிவில் வையுங்கள். மறையாக்கச் சாவி வேறு இடத்தில் இருக்கட்டும். பழைய காப்புப் பிரதிகளையும் தேடி அழியுங்கள்.
6. பாதிக்கப்பட்டவர்களிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள். அவர்களின் முகம் வேறு இடங்களிலும் சாவியாக இருக்கிறது.

அறிகுறி: சரிசெய்தது மறுபடி கெடுகிறது

ஃபர்ம்வேர் புதுப்பித்த தேதியோடு ஒப்பிடுங்கள். புதுப்பிப்பு சில அமைப்புகளைத் தயாரிப்பு நிலைக்கே திருப்பிவிடுவதுண்டு. உயிர்ப்புச் சோதனை அணைந்திருக்கும், கடவுச்சொல் பழையபடி ஆகியிருக்கும். மாதிரி மாறியிருந்தால் மதிப்பெண்களின் பரவலும் மாறும். நேற்றுவரை சரியாக இருந்த அதே வரம்பு இன்று மிகவும் தளர்ந்ததாகிவிடலாம். எனவே முதல் அறிகுறிக்காக அச்சிட்ட படங்களையும் வீடியோவையும் தூக்கி எறியாமல், ஒப்புதல் தந்தவரிடம் சொல்லிவிட்டுப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும், கதவைப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன், அதே மூன்று வெளிச்சங்களில் அவற்றைக் காட்டி மதிப்பெண்களைக் குறித்துப் பழையவற்றோடு ஒப்பிடுங்கள்.